பழைய காமிராவும் புதிய கையும்

பெட்டியிலும் பரணிலும் தூங்கிக் கிடந்த பழைய காமிராக்களுக்கு இப்போது திடீரென்று மவுசு வந்திருக்கிறது. ஜெர்மானிய லைகா, ரஷ்ய ஜோர்க்கி, ஜப்பானிய யாஷிகா என்று தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். வாங்குகிறவர்களில் பலர், பிலிம் சுருளைக் கையால் தொட்டே அறியாத தலைமுறையினர். செல்போனில் பிறந்து செல்போனில் வளர்ந்தவர்கள். அவர்களுக்கு இந்த இரும்புப் பெட்டியின் மீது ஆசை பிறந்திருப்பது வரவேற்க வேண்டிய விஷயமே.

ஆனால் வாங்கி வந்த பிறகு நடப்பது என்ன? சில காமிராக்கள் கண்ணாடி அலமாரியில் பொம்மைகளோடு பொம்மையாக உட்கார்ந்து விடுகின்றன. சில, கழுத்தில் ஆபரணம் போலத் தொங்கி ஊரைச் சுற்றி வருகின்றன. இன்னும் சில, துறுதுறுத்த கைகளில் சிக்கி, எல்லாக் குமிழ்களும் இப்படியும் அப்படியுமாகத் திருகப்பட்டு, அரை மணி நேரத்தில் அசைவற்றுப் போகின்றன. "கெட்டுப்போன காமிராவைத் தலையில் கட்டிவிட்டான்" என்று விற்றவனுக்கு வசவு விழுகிறது.

விற்றவன் யோக்கியனா இல்லையா என்பது வேறு வழக்கு. அறுபது ஆண்டுகள் பிழைத்துக் கிடந்த யந்திரத்தின் ஆயுளை அரை மணியில் முடித்துவைப்பது பல சமயங்களில் வரிசை அறியாத கைதான். இந்தக் காமிராவை வைத்துக்கொள்ள விரும்புகிறவர் அதைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். கற்பது கஷ்டமுமல்ல. ஒரு வாரப் பொறுமை போதும்.

பார்னாக்கின் சிறு பெட்டி

இந்த ஜாதிக் காமிராவின் பிறப்பிடம் ஜெர்மனியிலுள்ள வெட்ஸ்லார் என்ற சிறு நகரம். அங்கே எர்ன்ஸ்ட் லைட்ஸ் என்ற மைக்ராஸ்கோப் கம்பெனியில் ஆஸ்கர் பார்னாக் என்ற நிபுணர் வேலை பார்த்தார். ஆஸ்துமாவால் அவதிப்பட்ட அவருக்கு மலைப் பாதைகளில் நடப்பதிலும் படம் எடுப்பதிலும் பிரியம். அந்தக் காலத்துக் காமிராவோ கண்ணாடித் தகடுகளும் மூன்று கால் தாங்கியுமாக ஒரு கூலியாள் சுமை. நெகடிவ் சிறியதாக இருக்கட்டும், பிறகு பெரிதாக்கிக் கொள்வோம் என்பது அவருடைய யோசனை. சினிமாவுக்குப் பயன்பட்ட 35 மில்லிமீட்டர் பிலிமையே எடுத்து, சினிமாப் படத்தின் அளவைப் போல் இரு மடங்கு, அதாவது 24-க்கு 36 மில்லிமீட்டர் படம் விழும்படி, சட்டைப் பைக்கு அடங்கும் ஒரு பெட்டியைச் செய்தார். முதல் மாதிரி 1913, 14-ம் ஆண்டுகளில் உருவாயிற்று. முதல் உலக யுத்தம் குறுக்கிட்டதால், 1925-ல் லைப்சிக் சந்தையில்தான் அது 'லைகா' என்ற பெயருடன் உலகத்தின் முன் வந்தது.

தூரத்தை அளக்கும் 'ரேஞ்ச்பைண்டர்' என்ற கருவி லென்ஸோடு பிணைக்கப்பட்டு உள்ளேயே அமைந்தது 1932-ல். அதே ஆண்டில் ஜெய்ஸ் ஐகான் கம்பெனியும் தன் காண்டாக்ஸ் காமிராவை இறக்கிப் போட்டிக்கு வந்தது. 1934-ல் உக்ரேனின் கார்கிவ் நகரத்தில், அநாதைச் சிறுவர்களுக்கான ஒரு தொழிற்கூடத்தில், லைகாவைப் பார்த்துச் செய்த 'பெட்' காமிரா உற்பத்தியாயிற்று. இரண்டாம் யுத்தத்திற்குப் பின் மாஸ்கோவுக்கு அருகேயுள்ள கிராஸ்னகோர்ஸ்கில் 'ஜோர்க்கி' பிறந்தது. 1956 முதல் 1973 வரை செய்யப்பட்ட ஜோர்க்கி-4 மட்டும் 17 லட்சத்துக்கு மேல். இன்று புதிதாகக் கற்க வருகிறவர்களில் பலருக்குக் கைக்கு எட்டும் விலையில் அகப்படுவதும் இந்த ரஷ்யக் காமிராதான். லைகா கம்பெனி இன்றும் பிலிம் காமிரா செய்கிறது. அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

கண் வேறு, லென்ஸ் வேறு

ரேஞ்ச்பைண்டர் காமிராவைக் கையில் எடுப்பவர் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அவர் கண் வைத்துப் பார்க்கும் ஜன்னல் வேறு. படம் விழும் லென்ஸ் வேறு. இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. லென்ஸின் மூடியைக் கழற்ற மறந்துவிட்டாலும், ஜன்னல் வழியே உலகம் பளிச்சென்று தெரியும். தூரம் தப்பாக வைத்திருந்தாலும், வெளிச்சம் பற்றாமல் இருந்தாலும் அப்படியே. ஜன்னலில் தெரிவதை நம்பி மோசம் போனவர்கள் அனேகம். காமிரா காட்டாததை மனம் காண வேண்டும் என்பதே இந்த வித்தையின் முதற் பாடம்.

தூரத்தை மட்டும் அந்த ஜன்னல் காட்டிக் கொடுக்கும். எப்படி? ஒரு விரலை முகத்துக்கு நேரே நீட்டி, இடக் கண்ணையும் வலக் கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பார்த்தால், விரல் இடம் விட்டு இடம் தாவுவது போலத் தோன்றும். விரல் கிட்டே வர வர, தாவலும் அதிகமாகும். காமிராவின் முகத்திலும் சற்று எட்ட எட்ட இரண்டு கண்கள் வைத்திருக்கிறார்கள். இரண்டாவது கண் காண்பதை உள்ளே பிரதிபலித்து, முதல் ஜன்னலின் நடுவில் ஒரு சிறு திட்டாக விழச் செய்கிறார்கள். அந்தத் திட்டில் பொருள் இரட்டையாகத் தெரியும். லென்ஸின் வளையத்தைத் திருப்பத் திருப்ப, இரட்டை உருவங்கள் ஒன்றையொன்று நெருங்கும். இரண்டும் ஒன்றாகக் கூடிய இடத்தில் தூரம் சரி.

இரண்டு கண்களும் பக்கவாட்டில் அமைந்திருப்பதால், செங்குத்தான கோடுகளைப் பார்த்துக் கூட்டுவது சுலபம். கதவு நிலை, ஜன்னல் கம்பி, சட்டையின் பொத்தான் வரிசை, மனிதரின் மூக்கு விளிம்பு ஆகியவை நல்ல அடையாளங்கள். வெள்ளைச் சுவரைப் பார்த்துக் கூட்ட நினைப்பவர் நாள் முழுதும் திருகிக் கொண்டிருக்க வேண்டியதுதான். ஜோர்க்கி-4-ல் பார்வைக் கோளாறு உள்ளவருக்காக ஜன்னலின் தெளிவைத் திருத்தும் ஒரு சிறு லீவர் இருக்கிறது. அதை முதலில் தம் கண்ணுக்குப் பொருத்தி வைக்காமல், "எல்லாம் மங்கலாகத் தெரிகிறது" என்று காமிராவைக் குறை சொல்வது நியாயமல்ல.

அரை, கால், அரைக்கால், வீசம்

தூரத்துக்கு அடுத்தது வெளிச்சம். அதை ஆளும் குமிழ்கள் இரண்டு. லென்ஸின் துவாரம் எவ்வளவு பெரிது என்பது ஒன்று. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது மற்றொன்று.

துவார எண்களைக் கண்டு மிரளாதவர் இல்லை. 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று லென்ஸின் மேல் எழுதியிருக்கும். எண் பெருகினால் துவாரம் சிறுக்கிறது. இது என்ன தலைகீழ்க் கணக்கு? பழைய வாய்பாடு படித்தவருக்கு இது தலைகீழே அல்ல. இவை யாவும் பின்னத்தின் கீழ் எண்கள். லென்ஸின் குவிதூரத்தில் பாதி அகலம் என்பதை 2 என்றும், கால் பங்கை 4 என்றும், அரைக்காலை 8 என்றும், வீசத்தை 16 என்றும் குறித்திருக்கிறார்கள். குவிதூரம் 50 மில்லிமீட்டர் என்றால், 2-ல் துவாரம் 25 மில்லிமீட்டர். 16-ல் 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அரை பெரிதா, வீசம் பெரிதா என்று குழந்தையும் சொல்லும். வரிசையில் ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குப் போனால் வெளிச்சம் சரிபாதியாகக் குறையும்.

ஷட்டர் குமிழிலும் அதே பாதிக் கணக்கு. 60 என்று எழுதியிருந்தால் விநாடியில் 60-ல் ஒரு பங்கு. 125 என்றால் 125-ல் ஒரு பங்கு. ஆகவே துவாரத்தை ஒரு படி திறந்து ஷட்டரை ஒரு படி விரைவாக்கினால், பிலிமில் விழும் வெளிச்சம் மாறாது. 16-ம் 1/125-ம் கொடுக்கும் வெளிச்சத்தையே 11-ம் 1/250-ம் கொடுக்கும். 8-ம் 1/500-ம் கொடுக்கும். வெளிச்சம் ஒன்றானாலும் படம் ஒன்றல்ல. ஓடுகிற பிள்ளையை நிறுத்திப் பிடிக்க விரைவான ஷட்டர் வேண்டும். முன்னால் நிற்கும் மனிதரும் பின்னால் உள்ள கோபுரமும் ஒருங்கே தெளிவாக விழச் சிறிய துவாரம் வேண்டும். 50 மில்லிமீட்டர் லென்ஸில் துவாரம் 16, தூரம் 5 மீட்டர் என்று வைத்தால், சுமார் இரண்டரை மீட்டரிலிருந்து தொலைவு வரை தெளிவாக விழும். துவாரம் 2, தூரம் 3 மீட்டர் என்றாலோ, தெளிவான பகுதி முழங்கை நீளத்துக்கு மேல் இராது. எது வேண்டும் என்பதைக் காமிரா சொல்லாது. எடுப்பவர்தான் சொல்ல வேண்டும்.

வெளிச்சத்தை அளக்கக் கருவி இல்லாவிட்டால் என்ன செய்வது? நிழலைப் பார்த்தால் போதும். நிழலை அடியால் அளந்து பொழுது சொன்ன பெரியவர்கள் இருந்த நாடு இது. ஐ.எஸ்.ஓ. 100 என்று குறித்த பிலிமுக்கு ஷட்டர் 1/125. நிழல் கத்தியால் வெட்டியது போல விழுந்தால் துவாரம் 16. நிழலின் ஓரம் மெத்தென்றிருந்தால் 11. இருக்கிறதா இல்லையா என்று தெரியாத நிழலானால் 8. நிழலே இல்லாத மூட்டமானால் 5.6. வெயில் நாளில் மர நிழலில் நிற்பவருக்கு 4. சந்தேகம் வந்தால் ஒரு படி அதிகமாகவே வெளிச்சம் கொடுக்கலாம். நெகடிவ் பிலிம் வெளிச்சம் மிஞ்சினால் தாங்கிக்கொள்ளும், குறைந்தால் தாங்காது.

வரிசை தப்பினால் வம்பு

யந்திரத்துக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் ஷட்டர் குமிழில்தான். ஜோர்க்கி-4-ல் முதலில் பிலிமை நகர்த்தும் குமிழைக் கடைசி வரை திருகி, கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது போல ஷட்டருக்குச் சாவி கொடுக்க வேண்டும். அதன் பிறகே வேகக் குமிழைச் சற்றுத் தூக்கி, வேண்டிய எண்ணுக்குத் திருப்ப வேண்டும். சாவி கொடுக்காத நிலையில் உள்ளே இருக்கும் முளைகளும் பல்சக்கரங்களும் தத்தம் இடத்துக்கு வந்திருக்கமாட்டா. அப்போது பலவந்தமாகத் திருப்பினால் ஒன்றோடொன்று மோதி முறுக்கிக்கொள்ளும். புதிய மனிதருக்கு இது தெரிய வழியில்லை. காமிராவின் மேல் எங்கும் எழுதியும் வைக்கவில்லை. எழுபது ஆண்டு ஆயுளை ஒரு நிமிஷத்தில் முடித்துவிடும் தவறு இதுதான்.

மற்றொன்று வெயில். இந்தக் காமிராக்கள் பலவற்றில் ஷட்டர் என்பது ரப்பர் பூசிய துணித் திரை. லென்ஸுக்கும் திரைக்கும் நடுவே கண்ணாடி எதுவும் குறுக்கே நிற்பதில்லை. மூடியைப் போடாமல், துவாரத்தை அகலத் திறந்து, சூரியனைப் பார்க்கும்படி காமிராவை வைத்துவிட்டால், பூதக்கண்ணாடியால் காகிதத்தைச் சுட்டது போலத் திரையில் ஓட்டை விழும். அதன் பிறகு ஒவ்வொரு படத்திலும் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும்.

பிலிம் போடுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பிலிமை மாட்டி மூடிய பிறகு, சாவி கொடுக்கும்போது இடப்பக்கத்துக் குமிழும் கூடவே சுழல்கிறதா என்று கவனிக்க வேண்டும். சுழன்றால் பிலிம் நகர்கிறது. சுழலாவிட்டால் பல் பிடிக்கவில்லை. முப்பத்தாறு படம் எடுத்ததாக எண்ணிக்கொண்டு ஒன்றுகூட இல்லாமல் வீடு திரும்ப நேரும். படக் கணக்குக் காட்டும் தட்டையும் கையாலேயே பூஜ்யத்தில் வைக்க வேண்டும்.

வெறும் காமிராவில் ஒரு வாரம்

ஆகவே, வாங்கிய அன்றே பிலிம் போடுவது அவசரம். ஒரு வாரம் வெறும் காமிராவை வைத்தே பழகலாம். மூடியைக் கழற்று, சாவி கொடு, வேகத்தை வை, துவாரத்தை வை, தூரத்தைக் கூட்டு, மூச்சை அடக்கி அழுத்து. இதையே வரிசை மாறாமல் தினம் ஐம்பது தடவை செய்தால், விரல்கள் தாமாகவே வழி அறிந்துகொள்ளும். பல பழைய லென்ஸ்களில் துவார வளையம் தடையில்லாமல் வழுக்கிச் செல்லும். தூரத்தைக் கூட்டும்போது அதுவும் நகர்ந்துவிட்டதா என்று கடைசியாக ஒரு பார்வை பார்ப்பதும் பழக்கமாகிவிட வேண்டும்.

விரல்கள் பழகியதால் என்ன பயன் என்பதற்கு இந்தியச் சரித்திரத்திலேயே சாட்சி இருக்கிறது. 1948 ஜனவரி 30-ந் தேதி காந்திஜி சுடப்பட்ட அன்று, பிரெஞ்சுக்காரரான ஆன்ரி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் தம் லைகாவுடன் டில்லியில் இருந்தார். அன்று பகலில்தான் அவர் காந்திஜியைச் சந்தித்துவிட்டு வந்திருந்தார். பிர்லா மாளிகையின் வாயிலில் நேரு நின்று அந்தச் செய்தியைச் சொன்ன காட்சியை, இரவின் மங்கிய விளக்கொளியில் அவர் படமாக்கினார். அந்நாளைய லைகாவில் வெளிச்சம் அளக்கும் கருவி கிடையாது. யோசிக்க நேரமும் கிடையாது. கை அறிந்திருந்தது, அதனால் படம் கிடைத்தது.

நெகடிவ் சொல்லும் சாட்சி

"இத்தனை பாடு எதற்கு? செல்போனில் தொட்டால் படம் வருகிறதே!" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. குழந்தை முதலடி எடுத்து வைக்கும்போது துவார எண் பார்த்துக்கொண்டிருப்பவர் அந்த அடியைத் தவறவிடுவார். அந்த நேரத்துக்குச் செல்போன்தான் சரி. இருட்டில் எடுப்பதிலும் அதை எந்தப் பழைய காமிராவும் மிஞ்ச முடியாது. பிலிமில் எடுத்ததெல்லாம் கலை, மற்றவை குப்பை என்று பேசுவது வெறும் டம்பம்.

ஆனால் கற்பது என்று வரும்போது கதை வேறு. செல்போன் தவற்றைத் திருத்திவிடுகிறது, திருத்தியதைச் சொல்வதில்லை. ஆயிரம் படம் எடுத்தவருக்கும், எந்தப் படம் ஏன் நன்றாக வந்தது என்பது தெரியாமலே போகிறது. பழைய காமிரா எதையும் திருத்தாது, எதையும் மறைக்காது. ஒவ்வொரு தவறும் நெகடிவில் அதனதன் கையெழுத்தோடு வந்து நிற்கும். படமெல்லாம் கறுத்துத் தடித்திருந்தால் வெளிச்சம் மிஞ்சிவிட்டது. மெலிந்து வெளிறியிருந்தால் போதவில்லை. முகம் மங்கி, பின்னால் உள்ள செடி தெளிவாக இருந்தால் தூரம் தப்பு. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை நடுங்கியிருக்கிறது. 1/60-க்குக் கீழே கையில் பிடித்து எடுத்ததன் பலன். சுருள் முழுதும் வெறுமையாக, ஓரத்து எழுத்துக்கள் மட்டும் தெரிந்தால், பிலிம் நகரவில்லை. அல்லது மூடி கழலவில்லை. ஓரத்து எழுத்தும் இல்லையென்றால் குற்றம் கழுவியவருடையது.

இப்படி நேர்மையாகக் குற்றம் சொல்லும் ஆசிரியர் கிடைப்பது அபூர்வம். அதன் பாடம் புரிய வேண்டுமானால், ஒவ்வொரு படத்துக்கும் வேகம், துவாரம், தூரம் என்ற மூன்று எண்களையும் ஒரு சிறு நோட்டில் குறித்து வைக்க வேண்டும். குறிப்பு இல்லாத நெகடிவ், விலாசம் இல்லாத கடிதம்.

செலவு என்ற ஆட்சேபமும் உண்டு. அதை மறுப்பதற்கில்லை. உதகமண்டலத்தில் 1960-ல் நிறுவப்பட்டு, 1967-ல் உற்பத்தி ஆரம்பித்து, 'இந்து' என்ற பெயரில் பிலிம் செய்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை மூடப்பட்டுவிட்டது. இன்று சுருளும் விலை, கழுவுவதும் விலை. ஆகையால்தான் பிலிம் இல்லாமல் பழகும் அந்த ஒரு வாரம் முக்கியம். அதன் பின் மாதத்துக்கு ஒரு சுருள், அதுவும் வீட்டிலேயே கழுவக்கூடிய கறுப்பு-வெள்ளைச் சுருள் என்று வைத்துக்கொண்டால், வருஷத்துக்குச் சுமார் நானூறு படங்கள். யோசித்து எடுத்த நானூறு படங்களில் ஒருவர் கற்பது கொஞ்சமல்ல.

கேட்க வேண்டிய காலம்

ஜோர்க்கியையோ, பெட்டையோ, பழைய யாஷிகாவையோ இனி ஒருவரும் செய்யப் போவதில்லை. ஒன்று உடைந்தால் உலகத்தில் ஒன்று குறையும். அவற்றைப் பிரித்துச் சரிசெய்யத் தெரிந்த கைகளும் குறைந்து வருகின்றன. ஆகவே விற்கிறவர்கள் காமிராவோடு வரிசையையும் சேர்த்து விற்க வேண்டும். 'முதலில் சாவி, பிறகு வேகம்' என்று ஒரு சீட்டு எழுதி வாரில் கட்டிவிட்டால் எத்தனையோ காமிராக்கள் பிழைக்கும். காசு செலவில்லாத தர்மம் இது.

வீட்டிலேயே பழைய காமிரா இருக்குமானால், அதைக் கையாண்ட பெரியவரும் பல வீடுகளில் இன்னும் இருப்பார். எண்பது வயதைத் தாண்டிய அந்த மனிதரின் கையில் காமிராவைக் கொடுத்துப் பார்க்கலாம். நேற்றுச் சாப்பிட்டது மறந்திருக்கலாம். விரல்கள் சாவி கொடுக்கும் வரிசையை மறந்திரா. பெட்டியை மட்டும் சொத்தாக எடுத்துக்கொண்டு, அந்தப் பழக்கத்தைக் கேட்டு வாங்காமல் விட்டால், பிறகு கேட்க ஆள் இராது. காமிராவுக்கு எண்ணெய் போடுவதை அடுத்த வருஷத்துக்கு ஒத்திப் போடலாம். பெரியவரிடம் கேட்பதை ஒத்திப் போடலாகாது.